தொழுகை நேரமும் வான சாஸ்திரமும்

மார்க்கப் பற்று மிகுந்த இடத்தில் விஞ்ஞானம் தழைக்காது என்று சொல்வோர் நம்மவருள் ஒரு சாரார். வானத்தை அளப்பதும் கருவிகளை நம்புவதும் ஈமானுக்குக் குறைவு என அஞ்சுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் அறியத்தக்க உண்மை யொன்று உண்டு. இஸ்லாமிய நாடுகளில் வான சாஸ்திரம் அரசருடைய அரண்மனையில் மாத்திரம் வளர்ந்ததன்று. பள்ளிவாசலிலும் அது குடியிருந்தது. அங்கேதான் நெடுங்காலம் பிழைத்தும் இருந்தது.

தொழுகையின் நேரங்களை நோக்குவோருக்கு இதன் காரணம் விளங்கும். சூரியன் உச்சி சாய்ந்தவுடன் லுஹர் தொடங்குகிறது. நட்ட கோலின் நிழல், உச்சி நேரத்து நிழலைவிடக் கோலின் நீளமளவு மிகுந்தால் ஷாபி மத்ஹபினருக்கு அஸர் நேரமாயிற்று. இமாம் அபூஹனீபாவின் சொல்லைக் கொள்வோர் அதனினும் இருமடங்கு மிகும்வரை காத்திருப்பர். கிப்லாவோ இன்னும் கடினமான கணக்கு. உருண்டையான பூமியில் எங்கோ ஓர் ஊரிலிருந்து மக்காவின் திசையைத் துல்லியமாக அறிய வேண்டுமெனின், கோளத்தின்மேல் முக்கோணம் வரைந்து கணிக்கும் வித்தை வேண்டும். அவ்வித்தைக்கு வேண்டிய 'ஸைன்' என்னும் அளவை இந்திய கணிதரிடமிருந்து அரபிகள் பெற்றனர். வடமொழியில் ஜீவா எனப்பட்டது அரபியில் 'ஜீபா' ஆயிற்று. பின்னர் அதனையே 'ஜைப்' என்று வாசித்து, சட்டையின் மார்பு மடிப்பு என்று பொருள்கொண்டு, லத்தீனில் 'ஸைனஸ்' என மொழிபெயர்த்தனர். இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உருப்போடும் அச்சொல்லுக்குள் எத்தனை தேசத்தார் ஒளிந்திருக்கின்றனர், பாருங்கள்!

எதிர்ப்பு இல்லாமலில்லை. கி.பி. 973-இல் பிறந்த பேரறிஞர் அல்-பிரூனி ஒரு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். தொழுகை நேரம் காட்டும் கருவி யொன்றில் ரோமருடைய மாதங்கள் பொறிக்கப்பட்டிருந்தன வென்று, அதைப் பள்ளிவாசலுக்குள் கொணரலாகாதெனப் பக்திமான் ஒருவர் தடுத்தாராம். ரோமர் உணவும் உண்கின்றனர், கடைத்தெருவிலும் நடக்கின்றனரே, அவ்விரண்டையும் நீர் விட்டொழித்தீரோ என்னும் கருத்துப்பட பிரூனி அவரை இடித்துரைத்தார். இத்தகைய பக்திமான்கள் எக்காலத்தும் எம்மதத்தும் உளர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் எகிப்திலும் சிரியாவிலும் பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்னும் உத்தியோகம் ஏற்பட்டது. பாங்கு சொல்வது மோதினாரின் வேலை. நேரத்தைக் கணித்துத் தருவது முவக்கித்தின் வேலை. டமாஸ்கஸ் நகரத்து உமய்யாப் பள்ளிவாசலில் அவ்வுத்தியோகம் வகித்தவர் இப்னுஷ் ஷாத்திர். இளமையில் தந்தத்தில் சித்திரவேலை கற்றவர், 1375-இல் காலமானவர். கைத்தொழிலாளியின் நுட்பமும் கணிதனின் கூர்மையும் அவரிடம் ஒருங்கே அமைந்தன. 1371-இல் அவர் செய்த பெரிய நிழற் கடியாரம் பள்ளியின் வடபுற மினாராவில் வைக்கப்பட்டது. அதன் கம்பியைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து அமைத்தார். அதனால் கோடையாயினும் குளிராயினும் அக்கடியாரத்தின் மணிகள் சம அளவினவாக ஓடின.

அவர் செய்த மற்றொரு காரியம் இதனினும் பெரிது. பழைய கிரேக்க ஆசிரியர் தாலமியின் கணக்குப்படி சந்திரன் சில நாட்களில் பூமிக்கு ஏறக்குறைய இருமடங்கு நெருங்கி வரவேண்டும். அங்ஙனமாயின் பாதிப்பிறை நாளில் அது இருமடங்கு பெருத்தல்லவோ தோன்றும்? எவரும் அப்படிக் கண்டதில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளாக அக்கணக்கே ஆண்டுவந்தது. இப்னுஷ் ஷாத்திர் அதைத் தள்ளிவிட்டு, கண்ணுக்கு ஒத்த வேறொரு கணக்கை இயற்றினார். 1543-இல் வெளிவந்த கொபர்னிக்கஸின் நூலிலுள்ள சந்திரக் கணக்கும் அதுவும் ஒன்றே யென்பது 1957-இல்தான் ஆராய்ச்சியாளரால் உலகறியக் காட்டப்பெற்றது. அக்கணக்கு ஐரோப்பாவுக்கு எவ்வழியே சென்றது என்பதில் இன்றும் வாதம் ஓயவில்லை. அதைக் கொண்டு, சூரியனே நடுவென்று முஸ்லிம்கள் முன்பே கண்டுவிட்டனர் என முழங்குவது தகாது. இப்னுஷ் ஷாத்திர் பூமியை நடுவிலேதான் வைத்திருந்தார். முன்னோரை இல்லாத புகழால் அலங்கரிப்பது அவர்களுக்கு மரியாதையன்று; உள்ள புகழே போதும்.

இனி, இதற்கு மாறான ஒரு துயரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸுல்தான் மூன்றாம் முராதின் ஆதரவில் 1577-ஆம் ஆண்டளவில் இஸ்தான்புல் நகரில் சிறந்ததோர் வான ஆராய்ச்சிச்சாலை எழுந்தது. அதன் தலைவர் தக்கியுத்தீன். காழியாகவும் இருந்த மார்க்க அறிஞர். அவ்வாண்டே வால்நட்சத்திரம் ஒன்று தோன்றியது. அது ஸுல்தானுக்கு ஜயக்குறி யென்று அவர் சோதிடம் கூறினார். பின்னே வந்ததோ கொள்ளைநோய். 1580 ஜனவரியில் அச்சாலை அரச கட்டளையால் இடிக்கப்பட்டது. ஷைகுல் இஸ்லாமின் சொல்லே காரணம் என்பர். அரண்மனைப் போட்டியே காரணம் என்பாரும் உளர். எமது அபிப்பிராயத்தில், வானத்தை அளக்கும் சாஸ்திரத்தை அரசனுக்குப் பலன் சொல்லும் சோதிடத்தோடு கட்டியதே முதற் கேடு. பலன் பொய்த்தபோது அளவும் சேர்ந்து சாய்ந்தது. அதே வால்நட்சத்திரத்தை டென்மார்க்கில் அளந்த டைக்கோ பிராஹேயும் சோதிடரே. அவரும் அரச ஆதரவை இழந்து 1597-இல் தமது ஆராய்ச்சித் தீவை விட்டு வெளியேறினார். ஆனால் அவருடைய குறிப்புகள் கெப்ளர் கையில் சேர்ந்தன. தக்கியுத்தீனின் குறிப்புகளைக் கொண்டு மேற்செல்ல அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லை.

பள்ளிவாசலின் முவக்கித்துக்கு இவ்வாறான கதி நேரவில்லை. அவருடைய சம்பளம் வக்பு சொத்திலிருந்து வந்தது. அவருடைய கணக்கு ஒவ்வொரு நாளும் மக்களுக்கு வேண்டியிருந்தது. 1876-இல் டமாஸ்கஸின் பழைய நிழற் கடியாரத்தைச் சரிசெய்ய முயன்றபோது அது உடைந்துவிட்டது. அப்பொழுது அங்கிருந்த முவக்கித் அத்தந்தாவி அதைப்போன்ற வேறொன்றைச் செய்து அதன் இடத்தில் வைத்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கணக்கை அறிந்தவர் அப்பள்ளியிலேயே இருந்தார் என்க.

அவ்வேலை நம் நாட்டிலும் நடைபெறுகிறது. மலேசியாவில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 பாகையில் இருக்கும்பொழுது ஸுபுஹு நேரம் தொடங்குவதாகக் கணித்து வந்தனர். விடியற்கால வானத்தைக் கருவிகளால் அளந்து பார்த்தபின், 18 பாகையே பொருத்தமென்று கண்டு, 2019 நவம்பர் இறுதியில் அந்நேரத்தை 8 நிமிடம் தள்ளி வைத்தனர். பட்டணத்துப் பள்ளிவாசலிலும் தோட்டத்துச் சூராவிலும் பாங்கு அதற்கேற்ப ஒலிக்கலாயிற்று.