பேட்டரி சதவீதம்: ஒரு கணக்குப் புத்தகத்தின் கதை

கைப்பேசி 30 சதவீதம் காட்டுகிறது. ஒரு அழைப்பு வந்து எடுத்தால் பட்டென்று அணைந்துவிடுகிறது. சார்ஜரில் போட்டால் மறுபடியும் 25 சதவீதம்! இதில் பொய் சொல்வது யார்? பேட்டரியா, அதை அளக்கும் சிப்பா? விடை தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பெட்ரோல் டேங்கில் ஒரு மிதவை இருக்கும். எண்ணெய் இறங்க அதுவும் இறங்கும், முள் காட்டிவிடும். பேட்டரிக்குள் மிதவை போட முடியாது. 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தபோதும் இதே சிக்கல்தான்.

முதல் வழி, வோல்ட்டை அளப்பது. சாதாரண லித்தியம் செல் முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட், காலியானால் சுமார் 3 வோல்ட். ஆனால் நடுவில் பெரும்பகுதி நேரம் 3.7-ஐ ஒட்டியே நிற்கும். அளவீட்டில் துளி பிசகினாலும் சதவீதம் எங்கோ போய்விடும். போதாக்குறைக்கு, திரையும் பேச்சும் மின்சாரத்தை இழுக்கும்போது வோல்ட் தற்காலிகமாகச் சரியும்.

இரண்டாவது வழி, எண்ணுவது. உள்ளே எவ்வளவு மின்சாரம் போனது, வெளியே எவ்வளவு வந்தது என்று ஒரு சிப் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். பிரெஞ்சு விஞ்ஞானி கூலூமின் (1736-1806) பெயர் கொண்ட அலகில் எண்ணுவதால் இதற்குக் கூலூம் எண்ணிக்கை என்று பெயர். 1995-ல் டூராசெல்லும் இன்டெல்லும் சேர்ந்து ஸ்மார்ட் பேட்டரிக்கான தரவரையறையை வெளியிட்டன. மடிக்கணினி பேட்டரி தன் இருப்பைத் தானே கணினிக்குச் சொல்ல ஆரம்பித்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. வரவு, செலவு, இருப்பு... ரொக்க ஏடுதான்! ரொக்க ஏட்டில் வரும் தொல்லை இதிலும் வரும். பேட்டரி தானாகக் கசியும் மின்சாரம் ஏட்டில் ஏறாது. செல் வயதாகிக் கொள்ளளவு குறைந்தாலும், சிப் பழைய அளவையே நம்பிக்கொண்டிருக்கலாம். சின்னச் சின்னப் பிழைகள் மாதக்கணக்கில் சேரும். அப்போது வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுவது போல ஒத்துப் பார்க்க வேண்டும். அதுதான் காலிபரேஷன். சந்தேகமில்லாமல் தெரிந்த இடங்கள் இரண்டு: முழுதாக நிறைந்த நிலை, காலியான நிலை.

செய்முறை எளிது. முழுதாக சார்ஜ் ஏற்றி, ஒரு மணி நேரம் அப்படியே விட வேண்டும். பிறகு தானாக அணையும் வரை பயன்படுத்தி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, இடையில் நிறுத்தாமல் மறுபடி முழுதாக ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். இதையே வாராவாரம் செய்தால் செல்தான் தேயும். அடிக்கடி முழுவதும் காலியாக்குவது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல்.

ஒத்துப் பார்த்த பிறகும் 30-ல் அணைகிறதா? அப்படியானால் ஏடு சரி, கல்லாதான் காலி. செல்லை மாற்றத்தான் வேண்டும்.

இந்த இரண்டு வகைக்கும் ஆப்பிள் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 2016-ல் சில ஐபோன் 6எஸ்கள் திடீர் திடீரென அணைந்தன. குறை பேட்டரியிலேயே இருந்ததால் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். 2021-ல் ஐபோன் 11 வரிசையில் சிலருக்கு பேட்டரி ஆரோக்கியம் தவறாகக் காட்டியது. ஐஓஎஸ் 14.5 மென்பொருள் வழியாகவே கணக்கைத் திருத்தினார்கள். அந்தச் சதவீதத்தை மட்டும் நம்பியவர் நல்ல பேட்டரியைக் கழற்றி எறிந்திருப்பார்!

திரையில் தெரியும் சதவீதம் அளந்த உண்மை அல்ல, கணக்கிட்ட மதிப்பு. பேட்டரியைக் குறை சொல்லும் முன் ஒருமுறை கணக்கைச் சரிபார்ப்பது பணத்துக்கும் நல்லது, குப்பையில் சேரும் லித்தியத்தைக் குறைக்கவும் நல்லது.