கிருஷ்ணமோகன் பானர்ஜி பாதிரியார்

வங்க நாட்டில் வாழும் தமிழராகிய நாம் இராம்மோகன் ராயையும் வித்தியாசாகரரையும் நன்கறிவோம். அவர்தம் காலத்தில் இந்நகரில் வாழ்ந்த கிருஷ்ணமோகன் பானர்ஜியை நம்மிற் சிலரே அறிவர்.

1813இல் எளிய அந்தணர் குடியிற் பிறந்த இவர், இந்து கல்லூரியில் பயின்று டெரோசியோவின் அன்பரானார். 1831 ஆகஸ்டில் ஒருநாள், இவர் வீட்டிலில்லாத வேளையில், தோழர் சிலர் அங்கே மாட்டிறைச்சி உண்டு, எச்சத்தை அண்டை வீட்டில் வீசிவிட்டனர். தெருவே கொதித்தெழுந்தது. செய்தவர் பிறர், வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவரோ பதினெட்டு வயதே நிரம்பிய கிருஷ்ணமோகன்! மறுஆண்டு அலெக்சாந்தர் டஃப் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர்க் கார்ன்வாலிஸ் சதுக்கத்துக் கிறிஸ்து ஆலயத்தின் குருவானார்; 1852 முதல் பிஷப்ஸ் கல்லூரியில் பேராசிரியராகவும் விளங்கினார்.

தம்மைத் துரத்திய மக்களின் மொழியை அவர் துறந்தாரல்லர். 1846 தொடங்கி 'வித்யாகல்பத்ருமம்' என்னும் கலைக்களஞ்சியத்தைப் பதின்மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். உரோமாபுரி, எகிப்து ஆகிய நாடுகளின் வரலாறும் வடிவக் கணிதமும் வங்க மொழியில் இடம்பெற்றன. வேத வேள்வியிலே கிறிஸ்துவின் நிழலைக் காண முயன்ற அவருடைய பிற்கால நூலைவிட, இப்பணியையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

1876இல் சுரேந்திரநாத் பானர்ஜியும் ஆனந்தமோகன் போசும் இந்தியச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். தொடக்கக் கூட்டம் நிகழ்ந்த ஆல்பர்ட் மண்டபமே நாம் காப்பியருந்தும் கல்லூரித் தெருக் காப்பி நிலையம் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க. அச்சங்கம் இப்பாதிரியாரைத் தன் தலைவராக ஏற்றது. 1878இல் லிட்டன் பிரபு, தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயடைக்கும் சட்டத்தை இயற்றினார். சென்னை மாகாணத்திற்கு அதிலிருந்து விலக்கு இருந்தமையால் நம் முன்னோர் அதன் கொடுமையை உணர்ந்திலர். வங்கத்திலோ 'அமிர்த பஜார்' இதழ் தப்பும் பொருட்டு ஆங்கில இதழாகவே மாறிற்று. அச்சட்டத்தை எதிர்த்தோர் முன்னணியில், நரைத்த தலையுடன், அறுபத்தைந்து வயதுப் பாதிரியார் நின்றார். ஒருகால் எந்த நகரம் அவரை வெளியேற்றியதோ, அந்நகரத்து இந்துப் பெருமக்களே அவரருகில் அணிவகுத்தனர். ரிப்பன் பிரபுவின் காலத்தில் சட்டம் நீக்கப்பட்டது.

1885 மே 11இல் பாதிரியார் மறைந்தார். பிஷப்ஸ் கல்லூரி முன்னர் இருந்த சிப்பூர் வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கின்றது; பொறியியற் கல்வி நிலையம் அவ்விடத்தில் நடைபெறுகின்றது. ஹௌரா நிலையத்தில் பணிபுரியும் நம்மவர்க்கு அது தொலைவன்று. தாவரத் தோட்டம் செல்லும் பேருந்தில் ஏறினாற் போதும்.