வழி சொல்ல வந்தது, சாவி சுமக்கிறது

1979-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்து யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு வெளிவந்தது. ஸ்டீவன் போர்ன் எழுதிய புதிய ஷெல்லும் அதோடு வந்தது. இன்று உலகெங்கும் சர்வர்களில் புழங்கும் சூழல் மாறிகள் பிறந்தது அங்கேதான். அப்போது அவற்றுக்கு இருந்த வேலை சின்னது. பயனரின் வீட்டுக் கோப்பகம் எது என்று ‘ஹோம்’ சொல்லும். கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்று ‘பாத்’ சொல்லும்.

ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு: அவ்வளவுதான் ஒரு சூழல் மாறியின் உருவம். ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கும்போது இந்தச் சரங்களின் நகல் புதியதன் நினைவகத்துக்குப் போய்விடும். பிள்ளைப் புரோகிராம் தன் நகலில் எதை மாற்றினாலும் அதைத் தொடங்கிய தாய்ப் புரோகிராமுக்கு எட்டாது.

1983-ல் டாஸ் 2.0 வழியாகச் சூழல் மாறி வீட்டுக் கணினிக்கும் வந்தது. ஆனாலும் செயலிகளின் அமைப்புகள் கோப்புகளில்தான் இருந்தன. யூனிக்ஸில் ‘இடிசி’ கோப்பகம், விண்டோஸில் ஐஎன்ஐ கோப்பு, ஜாவாக்காரர்களுக்கு எக்ஸ்எம்எல். கோப்பில் குறிப்பு எழுதலாம், அடுக்கடுக்காகப் பிரிக்கலாம். சிக்கல் வேறிடத்தில் முளைத்தது. ஒரே கோடு டெவலப்பரின் லேப்டாப்பிலும் ஓட வேண்டும், சோதனை சர்வரிலும் ஓட வேண்டும், வாடிக்கையாளர் தொடும் சர்வரிலும் ஓட வேண்டும். டேட்டாபேஸ் கடவுச்சொல்லோ கோடோடு சேர்ந்து, கோடின் பழைய வடிவங்களையும் சேமிக்கும் ‘கிட்’ களஞ்சியத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

2011-ல் கிளவுட் சேவை நிறுவனமான ஹெரோக்குவின் ஆடம் விக்கின்ஸ் ‘பன்னிரு கூறு’ விதிகளை முன்வைத்தார். இடத்துக்கு இடம் மாறும் அமைப்புகளைச் சூழல் மாறிகளில் வை என்பது அதில் ஒன்று. அவர் சொன்ன சோதனை எளிது: இந்த நிமிடமே உன் கோடை ஊரறியத் திறந்துவைத்தால் கடவுச்சொல் ஏதாவது வெளியே போகுமா? கண்டெய்னர் கருவிகளான டாக்கரும் குபெர்நெட்டிஸும் வந்தபின் இந்தப் பழக்கம் எங்கும் பரவியது. பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி எல்லாம் ‘டேட்டாபேஸ் யூஆர்எல்’ என்ற ஒற்றைச் சரத்தில் ஏறின.

பழைய உடம்பு, புதிய பாரம். மதிப்பு எதுவானாலும் அது எழுத்துச் சரம்தான். ‘டீபக்’ மாறிக்கு ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்துவிட்டு, அதைப் பைத்தானில் அப்படியே நிபந்தனையில் வைத்தால் ‘உண்டு’ என்றே எடுத்துக்கொள்ளும்; காலியாக இல்லாத சரம் அதற்கு உண்மை. 2014 செப்டம்பரில் ‘ஷெல்ஷாக்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்தது. பிரவுசர் அனுப்பும் தலைப்பு வரியைச் சிஜிஐ முறையில் வெப்சர்வர் சூழல் மாறியாக்கித் தர, அதில் ஒளிந்திருந்த கட்டளையை பேஷ் ஷெல் இயக்கிவிட்டது. லினக்ஸில் அதே பயனராக நுழைந்தவர், ஓடும் செயலிக்குத் தொடக்கத்தில் தரப்பட்ட மாறிகளை ‘ப்ராக்’ கோப்பகத்திலேயே படித்துவிடலாம். செயலி தொடங்கும் துணைப் புரோகிராம்களுக்கும், தனியாகத் தடுக்காவிட்டால், மொத்தமும் போய்ச் சேரும்.

ஆக, போர்ட் எண், சர்வர் முகவரி, லாக் நிலை இவற்றுக்குச் சூழல் மாறி போதும். அடுக்குள்ள அமைப்புகளுக்குக் கோப்பே மேல். கடவுச்சொற்களுக்கு ரகசியப் பெட்டகச் சேவையோ, அனுமதி இறுக்கிய தனிக் கோப்போ வேண்டும். தேவையான மதிப்பு இல்லையென்றால் செயலி தொடக்கத்திலேயே காரணம் சொல்லி நிற்கட்டும். சூழல் மாறிகளை எழுதிவைக்கும் ‘டாட் என்வ்’ கோப்பு தவறிக் கிட்டுக்குள் போய்விட்டதா? அழிப்பதோடு விடாதீர்கள், பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.