தசைவலிக்கு ஒளிச் சிகிச்சை: சோதனைகளின் வரலாறு

பழக்கமில்லாத உடற்பயிற்சிக்குப் பின், ஒரு நாள் கழித்துத் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடையும் வலி தாமதத் தசைவலி எனப்படும். படியிறங்குவது, எடையை மெல்ல இறக்குவது போல, தசை நீண்டுகொண்டே விசை தரும் செயல்களில் இது அதிகம். தசைக்குள் ஏற்படும் நுண்கிழிசலே காரணமாகலாம் என்று 1902இல் தியோடர் ஹஃப் எழுதினார்.

இவ்வலிக்கு ஒளியைப் பயன்படுத்தும் எண்ணம் ஒரு சுற்றுவழியில் வந்தது. 1960இல் முதல் லேசர் உருவானது. சில ஆண்டுகளில் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர், லேசரால் புற்றுநோய் வருமா என்று அறிய, முடி மழித்த எலிகள்மீது சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை, ஒளி பட்ட இடத்தில் முடிதான் விரைவாக வளர்ந்தது. பின்னர் அவர் ஆறாத புண்களுக்கு இதைப் பயன்படுத்தினார்.

தசைவலியில் இதைச் சோதிப்பது எளிதன்று. எதுவும் செய்யாவிட்டாலும் ஒரு வாரத்தில் வலி போய்விடும். வலியின் அளவையும் வலிப்பவரே சொல்லவேண்டும். சிகிச்சை கிடைத்தது என்ற நம்பிக்கையே வலியைக் குறைத்துவிடக்கூடும். ஆகவே ஒரு பிரிவினருக்குக் கருவியை வைத்து, ஒளியை மட்டும் விடாமல் ஒப்பிடுவர். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாதது இதற்கு வசதி.

இவ்வாறு 1990களில் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தார் முழங்கைத் தசைகளில் வேண்டுமென்றே வலியை உண்டாக்கிச் சோதித்தனர். உண்மை ஒளிக்கும் போலிச் சிகிச்சைக்கும் வேறுபாடு தென்படவில்லை. பலனில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. கருவி விற்பவர்களின் விளம்பரங்களில் இது இடம்பெறுவதில்லை.

2006இல் அமெரிக்காவில் 27 பேரிடம் எல்.இ.டி. ஒளியைக் கொண்டு நடந்த ஆய்வில், 48 மணி நேரத்தில் வலி குறைந்தது. ஆனால் கையின் வீக்கத்திலோ அசைவிலோ மாற்றமில்லை. 2008இல் பிரேசில் ஆய்வாளர்கள் வரிசையை மாற்றினர். 12 கைப்பந்து வீரர்களுக்குப் பயிற்சிக்கு முன்பே 655 நானோமீட்டர் லேசர் ஒளி தரப்பட்டது. அவர்கள் எடையைத் தூக்கிய தடவைகள் கூடின. இரத்தத்தில் லாக்டேட் அளவு மாறவில்லை. இது களைப்பைப் பற்றிய சோதனை, மறுநாள் வலியைப் பற்றியதன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவோர் உண்டு.

உயிரணுவின் இழைமணிகளில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி இவ்வொளியை உறிஞ்சி ஆற்றல் உற்பத்தியைத் தூண்டுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஒளி குறைந்தால் பலனில்லை, மிகுந்தால் பலன் மங்கும் என்றும் கருதுகின்றனர். அலைநீளம், அளவு, பாய்ச்சும் நேரம் மூன்றும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுவதால், ஓர் ஆய்வின் முடிவை இன்னொன்றோடு நேராக ஒப்பிட முடிவதில்லை.