மானியப் பணத்தில் கொள்முதல்: அமெரிக்கப் பொதுப் போக்குவரத்து விதிகள்

அமெரிக்காவில் நகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றை நடத்துபவை பெரும்பாலும் உள்ளூர் அல்லது மாநில அளவிலான பொது அமைப்புகள். புதிய வண்டி வாங்கவும் பணிமனை கட்டவும் ஆகும் செலவில் பெரும்பங்கைக் கூட்டாட்சி அரசு மானியமாகத் தருகிறது. பேருந்து வாங்குவதில் அந்தப் பங்கு பொதுவாக 80 முதல் 85 விழுக்காடு வரை இருக்கும். இந்தப் பணத்தைச் செலவிடும்போது யாரிடம் வாங்கலாம், விலை எப்படிக் கேட்க வேண்டும், எந்த ஒப்பந்தம் செல்லாது என்று வரையறுக்கும் சட்டங்களும் ஆணைகளும் சேர்ந்தவையே மானியக் கொள்முதல் விதிகள். கூட்டாட்சிப் பொதுப் போக்குவரத்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) இவற்றைக் கண்காணிக்கிறது.

எஃப்.டி.ஏ. தானே எந்தப் பேருந்தையும் வாங்குவதில்லை. டெண்டர் விடுவதும், நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும், கையெழுத்திடுவதும் மானியம் பெற்ற அமைப்பின் பொறுப்பு. வழிமுறை மீறப்பட்டது தெரிந்தால் அந்தச் செலவை மானியக் கணக்கில் ஏற்க மறுக்கும் அதிகாரம் எஃப்.டி.ஏ.வுக்கு உண்டு. வாங்கிய வண்டி சாலையில் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கான பணத்தை மட்டும் நகரம் தன் கையிலிருந்து கட்ட நேரிடும். கொள்முதல் அதிகாரிகள் விதிகளுக்கு இவ்வளவு அஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

தோற்றமும் அடுக்குகளும்

1964 ஜூலையில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட நகர்ப்புறப் பொதுப் போக்குவரத்துச் சட்டம்தான் இதற்கெல்லாம் தொடக்கம். கார்களின் பெருக்கத்தால் தனியார் பேருந்து, டிராம் நிறுவனங்கள் நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. நகரங்கள் அவற்றை வாங்கி நடத்த வாஷிங்டன் பண உதவி செய்தது. உதவியை வழங்கிய நிர்வாகமே 1991-ல் எஃப்.டி.ஏ. என்று பெயர் மாறியது.

இன்று விதிகள் மூன்று அடுக்குகளாக உள்ளன. மேலே அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 49-வது தலைப்பு, 53-வது அத்தியாயம். அதன் 5325-வது பிரிவு முழுமையான, திறந்த போட்டியைக் கட்டாயமாக்குகிறது. அடுத்து, எல்லாத் துறை மானியங்களுக்கும் பொதுவாக 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த மானிய விதிகள். கீழே, எஃப்.டி.ஏ. வெளியிட்ட 4220.1 என்ற எண்ணுள்ள சுற்றறிக்கை. இதன் ‘எஃப்’ பதிப்பு 2008 முதல் புழக்கத்தில் இருந்தது; 2025 ஜனவரியில் ‘ஜி’ பதிப்பு வந்தது. கொள்முதல் அலுவலர்கள் நாள்தோறும் புரட்டுவது இந்தச் சுற்றறிக்கையைத்தான்.

விதிகளின் எல்லை

ஒரு ஒப்பந்தத்தில் கூட்டாட்சிப் பணம் சிறிதளவு கலந்தாலும் முழு ஒப்பந்தமும் விதிக்குள் வந்துவிடும். மானியத் தொகைக்கு மட்டும் விதியைக் கடைப்பிடித்து, மீதிக்கு விருப்பம்போல் நடக்க வழியில்லை. தப்ப வேண்டுமானால் அந்தத் திட்டத்துக்குக் கூட்டாட்சிப் பணமே வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

பாஸ்டன் அப்படித்தான் செய்தது. அந்நகரின் மெட்ரோவுக்குப் புதிய பெட்டிகள் வாங்கியபோது, அவை மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குள்ளேயே பொருத்தப்பட வேண்டும் என்று மாநில அரசு விரும்பியது. குறிப்பிட்ட மாநிலத்துக்கோ ஊருக்கோ முன்னுரிமை தரும் நிபந்தனையை மானிய விதிகள் அப்போது தடுத்தன. ஆகவே மாநிலம் முழுச் செலவையும் தானே ஏற்றது. 2014-ல் 284 பெட்டிகளுக்கு 56.66 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்தம் ஒரு சீன நிறுவனத்துக்குக் கிடைத்தது. இணைப்புக்குப் பின் சி.ஆர்.ஆர்.சி. என்றான அந்நிறுவனம் ஸ்பிரிங்ஃபீல்டில் தொழிற்சாலை கட்டியது. வேலைவாய்ப்பு வந்தது, பெட்டிகள் பல ஆண்டுகள் தாமதமாயின. 2024 மார்ச்சில் ஒப்பந்தம் திருத்தப்பட்டு 14.8 கோடி டாலர் வரை கூடுதலாகத் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. கூட்டாட்சி விதிகள் இருந்திருந்தால் தாமதம் வந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளூர் வேலைவாய்ப்பை டெண்டருக்குள் நுழைத்தால் கொள்முதலின் மையம் எங்கே நகர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

போட்டி நடக்கும் விதம்

கொள்முதலின் அளவைப் பொறுத்து முறை மாறும். மிகச் சிறிய கொள்முதலுக்குப் போட்டி தேவையில்லை, விலை நியாயமானது என்று குறித்து வைத்தால் போதும். இதன் வரம்பு பல ஆண்டுகள் 10,000 டாலராக இருந்து, 2025 அக்டோபரில் 15,000 ஆனது. அதற்கு மேல், சிறு கொள்முதல் வரம்புவரை, ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும். அந்த வரம்பும் அதே மாதத்தில் 2,50,000 டாலரிலிருந்து 3,50,000 ஆக உயர்ந்தது. ஒரே கொள்முதலைத் துண்டு துண்டாக்கி வரம்புக்குள் அடக்குவது விதிமீறல்.

பெரிய கொள்முதல்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. என்ன வேண்டும் என்பதைத் துல்லியமாக எழுதிவிட முடிந்தால், மூடிய உறையில் ஒப்பந்தப்புள்ளி கேட்டு, அறிவித்த நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் உறை பிரித்து, நிபந்தனைகளுக்குப் பொருந்தும் தகுதியானவர்களில் குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுப்பது ஒன்று. விலையோடு தரம், அனுபவம், பராமரிப்புச் செலவு போன்றவற்றையும் எடைபோட வேண்டியிருந்தால் முன்மொழிவு கேட்டுப் பேச்சு நடத்துவது மற்றொன்று. எந்த அம்சத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். முன்மொழிவுகள் வந்தபின் அளவுகோலை மாற்றக்கூடாது.

கட்டடக்கலை, பொறியியல் பணிகளுக்கு மட்டும் தலைகீழான ஏற்பாடு. 1972-ன் புரூக்ஸ் சட்டப்படி தேர்வின்போது விலை கேட்கவே கூடாது. தகுதியில் முதலிடம் பெற்றவருடன் விலை பேச வேண்டும். ஒத்துவராவிட்டால்தான் அடுத்தவரிடம் போகலாம். மலிவாக வரையப்பட்ட பாலத்தின் விலையைப் பிறகு பயணிகள் கொடுக்க நேரும் என்பதால், இந்த விதிவிலக்கு நியாயமானது என்றே தோன்றுகிறது.

சிறு கொள்முதல் வரம்பைத் தாண்டிய எதற்கும், ஒப்பந்தப்புள்ளி வந்து சேரும் முன்பே அமைப்பு தன் சொந்த மதிப்பீட்டை எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். தணிக்கையாளர் முதலில் பார்ப்பது அந்தத் தாளிலுள்ள தேதியைத்தான். உறை பிரித்த பிறகு போட்ட மதிப்பீடு வந்த விலையை நியாயப்படுத்தத்தான் பயன்படும். அதேபோல் ஒரே ஒரு ஒப்பந்தப்புள்ளி மட்டும் வந்தால் அதை அப்படியே ஏற்றுவிட முடியாது. மற்றவர்கள் ஏன் பங்கேற்கவில்லை என்று கேட்டறிய வேண்டும். அவர்கள் வேறு வேலை மிகுதியால் விலகியிருந்தால் பிழையில்லை. விவரக்குறிப்பு ஒரே நிறுவனத்தின் பொருளுக்குத்தான் பொருந்தும்படி எழுதப்பட்டிருந்தால் அது போட்டி ஆகாது.

விவரக்குறிப்பு எழுதிக்கொடுத்த ஆலோசகர் அதே டெண்டரில் பங்கேற்கக்கூடாது. வணிகப் பெயரைக் குறிப்பிட்டால் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று சேர்த்து, எந்தத் தன்மைகளில் இணையாக வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். செலவின்மேல் விழுக்காடு கணக்கில் லாபம் தரும் ஒப்பந்தம் முற்றாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. செலவு கூடக்கூட ஒப்பந்ததாரரின் லாபமும் கூடும் என்றால் சிக்கனம் செய்ய யாருக்கும் மனம் வராது.

பேருந்துச் சோதனை

1970-களின் இறுதியில் கிரம்மன் ஃப்ளெக்ஸிபிள் நிறுவனத்தின் ‘870’ மாடல் பேருந்துகளைக் கூட்டாட்சி மானியத்தோடு பல நகரங்கள் வாங்கின. நியூயார்க் மட்டும் 600-க்கு மேல் வாங்கியது. பள்ளமும் மேடுமான அந்நகரச் சாலைகளில் ஓடிய சில மாதங்களிலேயே பின்பகுதி அடிச்சட்டத்தில் விரிசல் தெரிந்தது. 1980 டிசம்பரில் அத்தனை வண்டிகளையும் நியூயார்க் ஓரங்கட்டியது. வேறு நகரங்களிலும் இதே விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. அடிச்சட்டத்தை வலுப்படுத்திப் பார்த்தும் நியூயார்க் நிர்வாகத்துக்கு நம்பிக்கை வரவில்லை. 1984-ல் அந்தப் பேருந்துகளைச் சேவையிலிருந்தே எடுத்துவிட்டது.

இந்த அனுபவத்துக்குப் பின், மானியத்தில் வாங்கும் எந்தப் புதிய மாடலும் முதலில் சோதிக்கப்பட வேண்டும் என்ற விதி 1987-ல் சட்டமானது. பென்சில்வேனியா மாநிலத்தின் அல்டூனாவில் 1989 முதல் இயங்கும் மையத்தில் இந்தச் சோதனை நடக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. பெரிய நகரப் பேருந்து 12 ஆண்டுகள் அல்லது 5 லட்சம் மைல் உழைக்க வேண்டும் என்பது மானியக் கணக்கு. அந்த உழைப்பின் ஒரு பகுதியைச் சில மாதங்களுக்குள் சுருக்கி, குண்டும் குழியுமாக வேண்டுமென்றே அமைத்த பாதையில் வண்டியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எங்கே உடைகிறது, பழுது பார்க்க எவ்வளவு நேரமாகிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது, எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது என்று பதிவு செய்கிறார்கள். முதல் கால் நூற்றாண்டுக்கு அறிக்கை மட்டும்தான் கிடைத்தது. தேர்ச்சி, தோல்வி என்ற பேச்சு இல்லை. 2016-ல் வந்த விதிப்படி தேர்ச்சி பெறாத மாடலுக்கு மானியம் கிடையாது. இந்த விதித்தொகுப்பில் பயணியின் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி இதுதான். இதற்காகும் காலதாமதத்தைக் குறைசொல்பவர்களுக்கு விரிசல் விட்ட அந்த அடிச்சட்டங்களே பதில்.

உள்நாட்டு உற்பத்தி நிபந்தனை

‘பை அமெரிக்கா’ என்று அழைக்கப்படும் நிபந்தனை 1978-ல் அறிமுகமாகி 1982-ல் கடுமையாக்கப்பட்டது. மானியப் பணத்தில் வாங்கும் இரும்பு, எஃகு, உற்பத்திப் பொருள்கள் அமெரிக்காவில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். பேருந்துக்கும் ரயில் பெட்டிக்கும் கணக்கு வேறு: இறுதிப் பொருத்தம் அமெரிக்காவில் நடக்க வேண்டும், உதிரிப்பாகங்களின் செலவில் குறிப்பிட்ட விழுக்காடு உள்நாட்டினதாக இருக்க வேண்டும். அந்த விழுக்காடு 60-லிருந்து 2018 நிதியாண்டில் 65, 2020-ல் 70 என உயர்ந்தது. ஒப்பந்தம் தரும் முன்பு ஒருமுறையும் வண்டி வந்த பின்பு ஒருமுறையும் இது தணிக்கை செய்யப்படுகிறது.

விலக்குக்கு வழி உண்டு. பொருள் உள்நாட்டில் கிடைக்கவில்லை என்றாலோ, உள்நாட்டுப் பொருளைச் சேர்த்தால் மொத்தச் செலவு 25 விழுக்காட்டுக்கு மேல் கூடும் என்றாலோ, பொதுநலன் கருதியோ எஃப்.டி.ஏ. விலக்கு தரலாம். 1,50,000 டாலர் வரையான கொள்முதல்கள் இந்த நிபந்தனைக்குள் வருவதில்லை. 2019 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்புச் செலவினச் சட்டம், சீன அரசின் கட்டுப்பாட்டிலுள்ள அல்லது அதன் மானியம் பெறும் நிறுவனங்களிடம் ரயில் பெட்டியும் பேருந்தும் வாங்கக் கூட்டாட்சிப் பணத்தைத் தடை செய்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அது முழுமையாக அமலானது.

கூட்டுக் கொள்முதல்

சிறிய ஊருக்கு நான்கு பேருந்து வேண்டியிருக்கும். அதற்காகத் தனி டெண்டர் விடுவது வீண். மற்றொரு அமைப்பு தன் ஒப்பந்தத்தில் பயன்படுத்தாமல் விட்ட விருப்ப எண்ணிக்கையை (தேவைப்பட்டால் பின்னர் வாங்கிக்கொள்ள உரிமையுள்ள வண்டிகளை) அது எடுத்துக்கொள்ளலாம். மூல ஒப்பந்தத்தில் உரிமையை மாற்றித்தரும் பிரிவு இருக்க வேண்டும், விலை இன்றும் நியாயமானதாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கொடுப்பதற்காகவே கூடுதல் எண்ணிக்கையை எழுதிவைப்பதும், ஒப்பந்தத்தில் இல்லாததைப் பின்னால் ஒட்டுவதும் கூடாது. விருப்ப ஆணைகள் பேருந்துக்கு 5 ஆண்டுகளையும், ரயில் பெட்டிக்கு 7 ஆண்டுகளையும் தாண்டக்கூடாது. 2015-ல் வந்த சட்டம் மாநிலங்கள் பொது விலைப்பட்டியல் ஒப்பந்தம் போட்டு, பிற மாநில அமைப்புகளும் அதில் வாங்க வழிசெய்தது. சிறிய அமைப்புகளுக்கு இது பெரிய நிம்மதி.

போட்டியாளர்கள் குறைந்த சந்தை

போட்டியையும் உள்நாட்டு உற்பத்தியையும் ஒரே நேரத்தில் கேட்கும் விதிகள், போட்டியிட உள்நாட்டில் போதிய நிறுவனங்கள் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அந்த அடிப்படை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2023 ஜூனில் பேருந்து நிறுவனமான நோவா பஸ் தன் அமெரிக்க உற்பத்தியை 2025-க்குள் நிறுத்துவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மின்பேருந்து நிறுவனமான புரோட்டெரா திவால் மனு போட்டது. பெரிய நகரப் பேருந்துக்கு நியூ ஃப்ளையர், கில்லிக் ஆகிய இரண்டையே பெரும்பாலான அமைப்புகள் நம்பியிருக்க வேண்டிய நிலை வந்தது.

இதற்குக் கொள்முதல் முறையும் ஒரு காரணம். பேருந்து ஒப்பந்தங்கள் வழக்கமாக நிலையான விலையில் போடப்பட்டவை. பணம் வண்டி கைக்கு வந்த பிறகுதான். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் பாகங்களின் விலை ஏறியபோது, பழைய விலைக்கே வண்டி கொடுக்க வேண்டிய நிறுவனங்கள் நட்டப்பட்டன. ஒவ்வொரு நகரமும் இருக்கை, தரை, கண்ணாடி என்று தனித்தனி விருப்பம் கேட்டது உற்பத்தியை மேலும் மந்தமாக்கியது. பொதுப்பணத்தைக் காக்க வேண்டிய எச்சரிக்கை, விற்பவரின் மூச்சை இறுக்கும் அளவுக்குப் போய்விட்டது என்பதை எஃப்.டி.ஏ.வும் ஏற்றுக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அது போக்குவரத்து அமைப்புகளுக்கு எழுதிய கடிதம், தயாரிப்பு முன்னேறும் அளவுக்கேற்பப் பணம் தரவும், ஒப்புதலோடு முன்பணம் வழங்கவும், உற்பத்தியாளர் விலைக் குறியீட்டையொட்டி ஒப்பந்த விலையைச் சரிசெய்யவும், தனித்தனி மாற்றங்களைக் குறைத்துப் பொது வடிவத்தில் வாங்கவும் கேட்டுக்கொண்டது. முன்பணம் தருபவர்கள் அதற்கு ஈடான பிணையை முதலில் பெற்றுக்கொள்ள வேண்டும்.