பிராக் நகர்க் குழந்தை இயேசு: சுரூபம் பேணிய வரலாறு

வியாழன்தோறும் நவநாளில் நாம் வணங்கும் குழந்தை இயேசுவின் மூலச் சுரூபம், செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரில், வெற்றி அன்னை ஆலயத்தில் உள்ளது. அது பேணப்பட்ட வரலாற்றை இவ்விழா மலரில் சிறிது காண்போம்.

அச்சுரூபத்தின் உயரம் 47 சென்டிமீட்டரே. மரத்தின்மேல் மெழுகு பூசிச் செய்யப்பட்டது. ஸ்பெயினிலிருந்து வந்த இதனைப் போலிக்சேனா என்னும் பிரபுகுலப் பெண்மணி 1628-ஆம் ஆண்டு கார்மேல் சபைத் துறவியருக்கு அளித்தார். 1631-ல் சாக்சனியப் படை நகரைப் பிடித்தபோது, அது பீடத்தின் பின்னே குப்பையில் எறியப்பட்டது. கரங்கள் ஒடிந்தன. ஆண்டுக்கணக்காகத் தேடுவாரின்றிக் கிடந்தது. 1637-ல் சிரில் என்ற குருவானவரே அதைத் தேடிக் கண்டெடுத்தார். அவர் ஜெபித்தபோது, தமக்குக் கரங்களைத் தருமாறும், தாம் சமாதானம் தருவதாகவும் பாலன் கூறியதாக மரபு சொல்கிறது. பின்னர் கரங்கள் செப்பனிடப்பட்டன.

மெழுகு எளிதில் நலுங்கும். ஆகவே இடுப்புக்குக் கீழே வெள்ளிக் கவசம் இட்டுள்ளனர். கன்னியர் வழிபாட்டுக் காலத்துக்கேற்ப உடை மாற்றுகின்றனர்: திருவருகைக்காலத்திலும் தவக்காலத்திலும் ஊதா; கிறிஸ்து பிறப்பிலும் பாஸ்காவிலும் வெள்ளை; தூய ஆவியார் விழாவில் சிவப்பு; பொதுக்காலத்தில் பச்சை. பேரரசி மரியா தெரேசா தம் கையால் தைத்ததாக வழங்கும் அங்கியும் ஆலயக் காட்சியகத்தில் காக்கப்படுகிறது. 1784-ல் அரச ஆணையால் துறவுமடம் மூடப்பட்டது. 1993-ல்தான் கார்மேல் துறவியர் திரும்பினர். இடைப்பட்ட காலத்திலும் சுரூபம் கைவிடப்படவில்லை.

மரத்துக்கும் மெழுகுக்கும் இத்தனை கவனம் ஏன் எனலாம். சுரூபத்துக்குச் செய்யும் வணக்கம், அது யாரைக் குறிக்கிறதோ அவரையே சேரும் என்று 787-ல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் போதித்தது. அவர் உருவைத் தூசியில் விடுவதும் நம் அன்பின் குறையே.

இதை எழுதும்போது நம் மனமும் உறுத்துகிறது. நம் சாமான் அறையிலும் கை ஒடிந்த பாலன் சுரூபம் ஒன்று சாக்கில் சுற்றிக் கிடந்தது. நாம் பலமுறை அதைக் கடந்து சென்றோம். விழா வேலைக்காக அறையைத் துப்புரவு செய்த நம் மாதர் சங்கத்தாரே அதை வெளியே எடுத்து வைத்து, “சாமி, இதற்கு என்ன செய்வது?” என்று கேட்டார்கள். இப்பொழுது அது சிற்பியிடம் இருக்கிறது.

இனி நாம் செய்ய வேண்டியவை எளியவை. காய்ந்த மெல்லிய துணியால் தூசி துடைப்போம். எண்ணெய் பூச வேண்டாம். ஈர மாலை சாத்த வேண்டாம். மெழுகுதிரியை நெருக்கி ஏற்ற வேண்டாம். உடைகளை வெயிலில் உலர்த்தி மடித்து வைப்போம். பாலனுக்குக் கரம் தந்த பங்கு என்று வரும் தலைமுறை நம்மைச் சொல்லட்டும்.