கடைமடையில் கண் மருத்துவம்: காரைக்கால் கரையில் பார்வையின் வரலாறு

காவிரியின் கிளையான அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால், 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறும்வரை தஞ்சை அரசின் கடைமடைப் பகுதியாகவே இருந்தது. வடக்கே தரங்கம்பாடியில் டேனியரும் தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரரும் நிலைகொண்டிருந்த இக்கடற்கரையில் ஆட்சி எல்லைகள் பலமுறை மாறியபோதும், நோயும் மருத்துவமும் அவ்வெல்லைகளைப் பொருட்படுத்தாமல் ஒரே மரபாக இயங்கின. அம்மரபில் கண் மருத்துவம் தனியிடம் பெற்றது. கண்ணில் ஏற்படும் தடையை நீக்கும் கலை இங்கே படிப்படியாக வளர்ந்தது. தடை நீங்கியபின் காண்பது கண்ணா, உள்ளே இருந்து அறியும் வேறொன்றா என்ற கேள்வியோ மருத்துவத்துக்கு வெளியே, இலக்கியத்திலும் தத்துவத்திலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்தது. இவ்விரு ஓட்டங்களும் ஒன்றுசேரும் இடத்தில்தான் பார்வையைப் பற்றிய முழுமையான அறிவு பிறக்கிறது.

உயிர்களை அவற்றின் அறிவைக்கொண்டு வகுக்கும் தொல்காப்பிய மரபியல், கண்ணை நான்காம் அறிவாகவும் செவியை ஐந்தாம் அறிவாகவும் கொண்டு, மனத்தை ஆறாவதாகத் தனியே வைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த சைவ சித்தாந்தம் இதனை மேலும் நுணுக்கி, ஐம்பொறிகள் தாமாக எதையும் அறிவதில்லை என்றும், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள், துணைநிற்க உயிரே அறிகிறது என்றும் நிறுவியது. இது உடற்கூற்று ஆய்வால் கண்ட முடிவு அன்று. எனினும், பொறி வேறு, அறிதல் வேறு என்ற பகுப்பு இம்மண்ணின் சிந்தனையில் வேரூன்றியிருந்ததற்கு இது சான்றாகும்.

காரைக்கால் அம்மையாரின் வரலாற்றைப் பாடிய சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய அதே பெரியபுராணத்தில், காரைக்காலுக்குத் தென்மேற்கே உள்ள திருவாரூரில் வாழ்ந்த தண்டியடிகளைப் பற்றியும் விரிவாகக் கூறுகிறார். பிறவியிலேயே பார்வையற்ற அவ்வடியார் கோயில் குளத்தைத் தோண்டி விரிவாக்க முனைந்தபோது, குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவியபடியே மண்ணைக் கரையேற்றிக் கொட்டிவிட்டு மீண்டும் குழிக்குத் திரும்பினார். பின்னர் அவர் இறையருளால் பார்வை பெற்றதாகப் புராணம் முடிக்கிறது. அக்கதையில் நுணுகி நோக்கத்தக்கது அந்தக் கயிறு: தொலைவையும் திசையையும் மேடுபள்ளத்தையும் கையும் காலும் தரும் செய்திகளைக்கொண்டே ஒருவரின் மனம் முழுமையாக அமைத்துக்கொள்ள முடியும் என்பதைச் சேக்கிழாரின் விவரிப்பு தெளிவாகக் காட்டுகிறது.

மருத்துவ மரபோ கண்ணின்மீதே கருத்தைக் குவித்தது. வடமொழியில் சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் 76 கண் நோய்களைக் கூற, தமிழ்ச் சித்த மருத்துவம் அவற்றை 96 என வகுத்தது. அவற்றுள் பெருங்கொடுமை கண்புரை. ஒளியைக் குவித்து உள்ளே அனுப்பும் கண்வில்லை தன் தெளிவை இழந்து வெண்மை அடைவதே அந்நோய். அதற்குச் சுசுருத நூல் கூறும் சிகிச்சையில், கண்ணின் வெண்பகுதி வழியே கூரிய கருவியைச் செலுத்தித் தடையை விலக்கியபின், நெய் தோய்த்த பஞ்சால் கண்ணைக் கட்டி, நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, தும்மலும் இருமலும் ஏப்பமும் வராமல் காக்க வேண்டும். ஊர் ஊராகச் சென்ற கண் வைத்தியர்கள் இந்தியாவின் பல பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டுவரை செய்துவந்ததும் இவ்வகைச் சிகிச்சையே. வில்லை வெளியே எடுக்கப்படாமல் விழிக்குள்ளேயே கீழே தள்ளப்பட்டதால் உடனடியாக வெளிச்சமும் உருவங்களும் தெரிந்தன. ஆயினும், ஒளியைக் குவிக்க வில்லை இல்லாத கண்ணுக்குக் காட்சி மங்கலாகவே இருந்ததுடன், சீழ் பிடித்தும் விழியின் உள்ளழுத்தம் உயர்ந்தும் பார்வை அடியோடு போனவர்களும் பலராவர்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி ஏறிய எட்டாம் ஆண்டில், 1747இல், பிரான்சின் ழாக் தவியேல் என்ற மருத்துவர் கண்புரையுற்ற வில்லையை விழியிலிருந்து வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கிவைத்தார். தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி, 1799இன் உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகத்தை ஆங்கிலேயரிடம் இழந்தபின், தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகியவற்றை ஒருங்கே வளர்த்தார். அங்கு கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சைகளைப் பதிவுசெய்த குறிப்பேடுகள், கண்களின் ஓவியங்களுடன், சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே கவனித்து எழுதிவைத்த அந்த ஒழுக்கமே, வாய்மொழியாகவும் செய்யுளாகவும் வழங்கிய கண் மருத்துவத்தைச் சோதித்தறியும் கலையாக மாற்றியது. சென்னையில் 1819இல் கண் மருத்துவமனை தோன்றியது. பிரெஞ்சுப் பகுதிகளுக்கெனப் புதுச்சேரியில் 1863இல் மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது.

இதற்கிடையே உடற்கூற்று ஆய்வு கண்ணுக்குப் பின்னால் நடப்பதை வெளிக்கொணர்ந்தது. விழியின் உட்சுவரான விழித்திரையில் விழும் தலைகீழ்ப் பிம்பத்தை, மங்கிய ஒளியில் இயங்கும் ஏறத்தாழ 12 கோடிக் கோல் செல்களும், நிறமறியும் ஏறத்தாழ 60 லட்சம் கூம்புச் செல்களும் மின்குறிப்புகளாக மாற்றுகின்றன. ஆனால் மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் உள்ளவை சுமார் 10 லட்சம் இழைகள் மட்டுமே. எனவே வேறுபாடுகளையும் விளிம்புகளையும் தேர்ந்தெடுத்துச் சுருக்கும் பணி விழித்திரையிலேயே தொடங்கிவிடுகிறது. இரு கண்களின் இழைகளில் பாதி குறுக்கே மாறிச் சென்று, தலாமஸ் என்னும் நடுநிலையத்தின் வழியாகப் பிடரிப் பக்கத்துப் பெருமூளையை அடைய, அங்கே கோடு, சாய்வு, அசைவு, நிறம், உருவம் எனக் காட்சி கட்டியெழுப்பப்படுகிறது. பிறந்த சில காலத்துக்குள் கண் வழியே செய்தி வராவிடில் இப்பகுதி உரிய வளர்ச்சி பெறாது என்பதைப் பூனைக்குட்டிகளைக் கொண்டு காட்டிய ஆய்வுகள் உட்படத் தங்கள் பணிக்காக டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர்.

தொட்டு மட்டுமே உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்த பிறவிப் பார்வையற்றவர், பார்வை பெற்றவுடன் அவற்றைக் கண்ணால் இனங்காண்பாரா என்று 1688இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினோ கேட்டார். பவன் சின்ஹாவும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வே அதற்கு உறுதியான விடை தந்தது. வட இந்தியாவில் சிகிச்சையால் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயதுவரையிலான ஐந்து சிறாரால், கையால் தடவி அறிந்த பொருளை உடனே கண்ணால் அடையாளம் காண இயலவில்லை. ஆனால் சில நாள்களிலேயே அத்திறன் வளரத் தொடங்கியது. கயிற்றைப் பற்றி நடந்த தண்டியடிகளின் மனத்தில் இருந்த குளமும், கண் திறந்தபின் காணும் குளமும் ஒன்றென மூளை கற்றே தீர வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆகவே, கண்புரையை நீக்குவது சிகிச்சையின் முற்பகுதி மட்டுமே. காரைக்காலில் 2016இல் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை தொடங்கியதும், பிறவிக் கண்புரைக்குக் காரணமாகும் ரூபெல்லாவைத் தடுக்கும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தின் முதற்கட்டத்தில், 2017இல், புதுச்சேரி ஒன்றியப் பகுதி சேர்க்கப்பட்டதும் இந்த நீண்ட வரலாற்றின் அண்மைப் படிகள். கண்மணியில் வெண்மை தெரியும் பச்சிளங்குழந்தையை, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திராமல் முதல் வாரங்களிலேயே கண் மருத்துவரிடம் கொண்டுசெல்வதும், அறுவைக்குப்பின் உரிய கண்ணாடியும் பார்வைப் பயிற்சியும் தொடர்ந்து தருவதும் இன்றியமையாத கடமைகள். மூளை காணக் கற்கும் பருவம் கடந்துவிட்டால், எத்தனை தேர்ந்த கையாலும் அதை முழுமையாக மீட்டுத்தர முடியாது.